பச்சைச் சால்வைக்காரன் ஏன் கலியாணம் முடிக்கவில்லை

எழுபதுகளின் நடுப்பகுதியில், கையில் பட்டத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல் கரவெட்டியில் குந்தியிருந்த காலத்தில், உலகத்தைத் திருத்தும் பணியைச் சித்திரக்கதைகளிலிருந்து தொடங்குவதென்று நான் முடிவு செய்தேன். வேறு இடத்திலிருந்து தொடங்க வசதி இருக்கவில்லை. இந்தியச் சஞ்சிகைகள் வராமல் நின்று போயிருந்தன. வீட்டிலிருந்த தடித்த ரஷ்ய நாவல்களை வாசித்து முடித்து, அவற்றில் வரும் மாமன் மச்சான்மாரின் பெயர்களை எங்கள் சொந்தக்காரரின் பெயர்களைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தேன். மிஞ்சிக் கிடந்தவை, அண்ணை கொழும்பிலிருந்து கொண்டுவரும் ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகங்கள்தான்.

அண்ணை எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை. அப்பா இறந்தபோது படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராகச் சேர்ந்தவர். அக்காமார் இருவரையும் கட்டிக்கொடுத்தார். என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இனித் தங்கச்சி ஒருத்திதான் பாக்கி. நாற்பதை எட்டிக்கொண்டிருந்த அண்ணை இன்னும் தனியாள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் தியாகம் என்று சொல்வதில்லை. 'மூத்தவன்' என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

மாதத்துக்கு ஒருமுறை மெயில் வண்டியில் வந்திறங்குவார். கொழும்பு நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்களிடம் வாங்கிய சித்திரக்கதைகளை மேசையில் வைத்து, "தங்கச்சிக்கு இங்கிலீசு பழக உதவும்" என்பார். தங்கச்சி உடுப்பிட்டியில் மிஷன்காரரின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுடைய ஆங்கிலத்துக்குச் சித்திரக்கதையின் உதவி தேவைப்படவில்லை. அது அண்ணைக்கும் தெரியும்.

அந்தப் புத்தகங்களின் நாயகனுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர். அது அம்மாவின் வாய்க்குள் நுழைய மறுத்ததால் எங்கள் வீட்டில் அவன் பச்சைச் சால்வைக்காரன் ஆனான். பகலில் ஒரு பெரிய பட்டணத்தின் தண்ணீர்க் கந்தோரில் கணக்கெழுதுவான். ஆபத்து என்று கேட்டால் முகமூடியை மாட்டி, பச்சைத் துணியொன்றை முதுகில் கட்டிக்கொண்டு பறப்பான். அந்தப் பட்டணத்து நூலகத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தி மீது அவனுக்கு விருப்பம். ஒவ்வொரு புத்தகத்திலும் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுப்பான். அந்த நேரம் பார்த்து எங்காவது ஒரு பாலம் இடிந்து விழும்.

தங்கச்சி அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். அம்மா வெங்காயம் உரித்தபடி கேட்பா.

"உந்தச் சால்வையை ஆர் தோய்க்கிறது?"

"அது எழுதேல்லை அம்மா."

"தாய் எங்கை?"

"தாய் செத்திட்டாவாம். உவையள் எல்லாருக்கும் தாய் தேப்பன் செத்துத்தான் இருக்கும்."

"அதுதானே. தாய் இருந்தா இரவு பகலா உப்பிடி ஊர் சுத்த விடுவாளே?"

இந்த வகை நாயகர்களைப் பற்றி அதற்குப் பிறகு நான் எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். அம்மாவின் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போன கட்டுரை ஒன்றிரண்டுதான்.

ஆனால் அந்த நாளில் என் காது தத்துவங்களுக்கு மட்டும்தான் திறந்திருந்தது. ஊர் வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'சாகசச் சித்திரக்கதைகளும் வர்க்க நலன்களும்' என்று பேச ஒழுங்கு செய்தேன். பேப்பர் பார்க்க வந்தவர்கள் எழுந்து போக வெட்கப்பட்டு இருந்துவிட்டதால் கூட்டம் திருப்தியாக இருந்தது. ஒரு தனிமனிதன் வானத்திலிருந்து வந்து மீட்பான் என்று மக்களை நம்பவைப்பது அவர்களைக் கை கட்டி நிற்கப் பழக்குவது என்றேன். இந்த நாயகன் திருடனைப் பிடிக்கிறான், திருட்டு ஏன் நடக்கிறது என்று ஒருநாளும் கேட்பதில்லை என்றேன். கடைசிப் பக்கத்தில் எல்லாம் முதற் பக்கத்தில் இருந்த மாதிரியே ஆகிவிடுவதைக் கவனியுங்கள், இது மாற்றத்தைக் கண்டு பயப்படுகிறவர்களின் கலை என்றேன். இவற்றில் பெரும்பகுதியை இன்றைக்கும் சரியென்றே நினைக்கிறேன். சொன்ன குரலைத்தான் இப்போது காதால் கேட்க முடியாது.

லீவில் வந்திருந்த அண்ணை கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டியபடி சொன்னார்:

"நல்லாக் கதைச்சனி. ஆனா ஒண்டு சொல்லாமல் விட்டிட்டாய்."

"என்னண்ணை?"

"உவன் ஏன் கலியாணம் முடிக்கேல்லை?"

நான் தனிமனித வீரம் பற்றி, குடும்ப அமைப்பு பற்றி, சந்தைக்குத் தொடர்கதை தேவைப்படுவது பற்றி விளக்கினேன். அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம், அப்பிடியும் இருக்கலாம்" என்றார்.

வீட்டில் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"உதுக்கேன் சின்னண்ணை பிரசங்கம்? அவனுக்கும் கட்டிக்குடுக்கத் தங்கச்சியள் இருப்பினம்."

அண்ணை கேட்டதன் காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. தங்கச்சிக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் உடுப்பிட்டியில் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடங்களிலேயே தலைமுறையாகப் படித்தும் படிப்பித்தும் வந்த கிறிஸ்தவக் குடும்பம். தங்கச்சியின் படிப்பு விசாரிக்கப் போய் அண்ணைக்கு அவருடன் பழக்கமானது. தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டு வருடங்கள் ஆகியும் அண்ணையின் விசாரிப்பு நிற்கவில்லை. லீவில் வந்தால் ஒரு பின்னேரம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு, "உதிலை ஒருக்காப் போட்டு வாறன்" என்று புறப்படுவார். அந்த 'உது' எது என்று யாரும் கேட்க மாட்டோம். அங்கேயும் அவர் வாயெடுத்துச் சொன்னதாக ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டுப் பாலங்கள் அப்படி ஒழுங்காக இடிந்துகொண்டிருந்தன.

முகமூடி என்கிற ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லாமற் போனதும் இதனால்தான். பெரிய பட்டணத்தில் கண்ணை மட்டும் மறைத்தால் ஆளைத் தெரியாது போலும். எங்கள் ஊரில் முழுத் தலையையும் சாக்கால் மூடினாலும், சைக்கிள் செயின் கவரின் சத்தத்தைக் கேட்டு, "உவர் இன்னாற்றை மூத்தவரெல்லே, உடுப்பிட்டிக்குப் போறார்" என்று ஒழுங்கையில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். தன்னைத் தெரியாது என்று அண்ணை ஒருவர் மட்டும் நம்பினார். அவர் முகம் கோணக்கூடாதே என்று ஊர் முழுவதும் சேர்ந்து தெரியாத மாதிரி நடித்தது. முகமூடியைப் போட்டிருந்தது ஊர்தான்.

அந்த வருடத்தின் நடுவில் தங்கச்சி ஒரு செய்தி கொண்டுவந்தாள். ரீச்சருக்கு ஆபிரிக்காவில் படிப்பிக்க இடம் கிடைத்துவிட்டது. மார்கழியில் பயணம். அண்ணைக்குப் பிட்டுப் போடும்போது வேண்டுமென்றே உரத்துச் சொன்னாள். அண்ணை பிட்டைப் பிசைந்துகொண்டே, "நல்லதுதானே, நல்ல சம்பளம் வரும்" என்றார். பிறகு அந்தப் பிட்டு அப்படியே கிடந்தது.

அதே லீவில்தான் மாமா, அம்மாவின் தம்பி, சண்டிலிப்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். புகையிலைத் தோட்டம் வைத்திருக்கும் வீடு. மகன் றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். ஆனால் அவர்கள் கேட்டது மாற்றுச் சம்பந்தம்: எங்கள் பெட்டையை அவர்களுடைய மகனுக்கும், அவர்களுடைய பெட்டையை எங்கள் அண்ணைக்கும். கொடுத்தால் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு வீட்டுச் சீதனக் கவலையும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒன்று மட்டும் வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் இரண்டுமே இல்லை.

பச்சைச் சால்வைக்காரனுக்கு இப்படியொரு இக்கட்டு அடிக்கடி வருவதுண்டு. இந்த மலையுச்சியில் ஒருத்தி தொங்குவாள், அந்த மலையுச்சியில் இன்னொருத்தி. ஒருத்தியைத்தான் காப்பாற்றலாம் என்று வில்லன் சிரிப்பான். இரண்டு பக்கம் புரட்டினால் நாயகன் இருவரையும் காப்பாற்றியிருப்பான். இந்தக் கதைகளின் பெரிய பொய் பறப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பறப்பதை நான் மன்னிப்பேன். இருவரையும் காப்பாற்றலாம் என்பதுதான் எனக்குத் தொண்டைக்குள் இறங்காத பொய்.

அண்ணை ஓம் என்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமா பொம்பிளையின் படத்தை நீட்டினார். அண்ணை ஒருதரம் பார்த்துவிட்டு, மடங்காமல் இருக்கட்டும் என்று கையிலிருந்த சித்திரக்கதைப் புத்தகத்துக்குள் வைத்தார்.

பிழை அங்கேதான் தொடங்கியது. அதன் பிறகு அந்தப் புத்தகம் அண்ணையை விட்டுப் பிரியவில்லை. தலையணைக்குக் கீழே வைத்தார். மத்தியானம் சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து விரித்தார். யாராவது வந்தால் பட்டென்று மூடினார். கொழும்புக்குப் போகும்போது பெட்டியின் மேலாக வைத்துக் கொண்டுபோனார், அடுத்தமுறை திரும்பவும் கொண்டுவந்தார். வீடு முழுவதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"அண்ணைக்குப் பொம்பிளையைப் பிடிச்சுப் போச்சு" என்று அம்மா என்னிடம் குசுகுசுத்தா. ரீச்சர் வேதக்காரி என்பதால் அம்மாவின் மனத்திலிருந்த முள் அதோடு கழன்றது. நானும் மனிதமனம் புறநிலைமைகளுக்கு ஏற்ப மாறும் என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். தங்கச்சி அந்தப் புத்தகத்தையும் அண்ணையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா வந்து, "உனக்கு ஓம்தானே பிள்ளை?" என்று கேட்டபோது, "ஓம் மாமா" என்றாள்.

ஐப்பசி லீவில் நாள் வைக்க மாமா வந்தார். பின்னேரம். விறாந்தையில் அண்ணை, மாமா, அம்மா, நான். தங்கச்சி குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப தம்பி, கார்த்திகையிலை வைப்பம். படத்தைத் திருப்பிக் கேக்கினம், அவையிட்டை அது ஒண்டுதான் இருக்காம். நீதான் விடமாட்டாய் போலை கிடக்கு."

"எந்தப் படம் மாமா?"

மாமா சிரித்தார். "இஞ்சை பாருங்கோ, நாப்பது வயசிலை வெக்கம்."

"இல்லை மாமா, மெய்யாத்தான். எந்தப் படம்?"

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. தங்கச்சி வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, உங்கடை புத்தகத்துக்கை வைச்சிருக்கிறியளே, அந்தப் படம்."

"ஓ, அதோ. அது அதுக்கைதான் கிடக்கும்."

"கிடக்குமோ? நீங்கள் பாக்கிறேல்லையோ?"

"மாமா தரேக்கை பாத்தனான்தானே."

"அப்ப இவ்வளவு நாளும் உந்தப் புத்தகத்தை விரிச்சு வைச்சு என்னத்தைப் பாத்தனீங்கள்?"

அண்ணை மாமாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தப்பி ஓட வழியிருக்கிறதா என்பது போல் படலையைப் பார்த்தார்.

"கதை பாத்தனான்" என்றார்.

"என்ன கதை?" என்றார் மாமா.

"பச்சைச் சால்வைக்காரன்ரை. இந்தப் புத்தகத்திலை அவன் கடைசியா அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிறான், மாமா. ஆனா அடுத்த பக்கம் கிழிஞ்சு போச்சு. அவள் என்ன சொன்னவள் எண்டு தெரியேல்லை. அதுதான் திரும்பத் திரும்ப..."

அரசாங்க உத்தியோகத்தர், தலையில் நரை, இரண்டு மச்சான்மாரும் எழுந்து நின்று மரியாதை செய்யும் மனிதர். நடைபாதையில் வாங்கிய ஒரு கிழிந்த சித்திரக்கதையின் காணாமற்போன பக்கத்தை நினைத்து மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டிருக்கிறார். தான் அதை வாசிப்பதே எங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். முகமூடி கழன்றவனின் முகம் எப்படியிருக்கும் என்பதை எந்தச் சித்திரக்காரனும் சரியாகக் கீறி நான் கண்டதில்லை. காது மடல்கள் சிவந்திருக்கும்.

தங்கச்சி கையிலிருந்த தேத்தண்ணித் தட்டை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அப்ப எனக்கு உந்தக் கலியாணம் வேண்டாம்."

"என்ன விசர்க் கதை!" மாமா கதிரையை விட்டு எழுந்தார். "நீதானே ஓமெண்டனி?"

"அண்ணைக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சிருக்கெண்டு நினைச்சு ஓமெண்டனான். நான் மாட்டனெண்டா அண்ணைக்கு அவ கிடையாதெல்லோ."

"நான் உனக்காண்டியெல்லோ ஓமெண்டனான்" என்றார் அண்ணை. "ஓவசியர் நல்ல பெடியன் எண்டு..."

"ஓவசியரின்ரை மூக்கு எப்பிடியெண்டே எனக்குத் தெரியாது."

அம்மா தட்டை மடியில் வைத்தபடி எல்லோரையும் பார்த்தா. "அப்ப இந்த வீட்டிலை கலியாணம் கேட்டது ஆர்?"

யாருமில்லை என்றுதான் தெரிந்தது. மாமா மட்டும் கேட்டிருக்கிறார்.

அண்ணை குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, யோசிச்சுக் கதை. இது குழம்பினா உனக்கு வேறை சரிவருமோ எண்டு..."

"என்னைக் காப்பாத்தச் சொல்லி ஆரண்ணை உங்களைக் கேட்டது? நான் என்ன மலையிலையே தொங்கிறன்? நான் குசினிக்கை தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கிறன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "ரீச்சர் மார்கழியிலை போறா. முதல் அதைப் பாருங்கோ."

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வாய்விட்டு வந்தது அதுதான் முதல்தடவை. அண்ணை மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமோ?"

"கரவெட்டி முழுக்கத் தெரியும் அண்ணை. உடுப்பிட்டியிலை கொஞ்சப் பேருக்குத் தெரியாமல் இருக்கலாம்."

மாமா அம்மாவைப் பார்த்தார், அக்கா ஏதாவது சொல்லி இதை நிறுத்துவா என்று. அம்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மிடறு குடித்தா.

"வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் சமைக்காமல் இருப்பாவோ எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வா" என்றா.

இத்தனை காலம் கழித்து, அண்ணையின் அன்றைய வயதை நானும் தாண்டிவிட்ட பிறகு, அந்தப் பழைய பிரசங்கத்தில் சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. இந்த வகைக் கதைகளில் காப்பாற்றப்படுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்களுக்கு இரண்டே வசனம்: விழும்போது 'ஐயோ', விழாமற் போனபின் 'நன்றி'. நடுவில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பறக்கத் தெரிந்தவனுக்குக் காது குறைந்துவிடுகிறது. இதைத் தீமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் மூத்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் எங்களைத் தூக்கி வளர்த்தார்கள். கை நிறைய ஆட்களைச் சுமந்துகொண்டு பறக்கிறவனுக்கு நின்று விசாரிக்க நேரமேது? அதனால் சுமக்கப்படுகிற யாராவது ஒருவர்தான் துணிந்து, போதும், இறக்கிவிடு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னவள் அன்றைக்கு விறாந்தையில் அழுதுகொண்டு நின்றாள்.

மறுநாள் அண்ணை உடுப்பிட்டிக்குப் போனார். பொழுதுபடத் திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினார்.

"என்னவாம்?" என்றாள் தங்கச்சி.

"தேத்தண்ணி தந்தவை."

"அண்ணை!"

மிச்சத்தைத் துண்டு துண்டாகத்தான் பிடுங்க முடிந்தது. ரீச்சர் சிரித்தாராம். பிறகு கொஞ்ச நேரம் அழுதாராம். பிறகு, ஆபிரிக்காவுக்குப் போவதை நிறுத்த மாட்டேன், வாக்குக் கொடுத்துவிட்டேன், எனக்கு விருப்பமும்தான் என்றாராம். "நீங்கள் வேணுமெண்டா என்னோடை வாங்கோ" என்றாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கந்தோர் இருக்கெண்டன்."

"அதுக்கு?"

அண்ணை செருப்பைக் கழற்றினார். "கந்தோர் நீங்கள் இல்லாமலும் திறக்கும், போய்ப் பாருங்கோ எண்டவ." யாரிடமென்று இல்லாமல் சேர்த்துக்கொண்டார்: "உது எனக்கு இதுவரைக்கும் ஆரும் சொல்லேல்லை."

அண்ணை ரீச்சரோடு போகச் சம்பளமில்லாத லீவு எழுதினார். கார்த்திகை என்று மாமா சொன்னது வீண் போகவில்லை, பதிவுத் திருமணம் அந்த மாதத்திலேயே நடந்தது. வெள்ளிக்கிழமை விஷயத்தில் ரீச்சர் அம்மாவுக்கு உறுதிமொழி கொடுத்தார். மாமா கோபித்துக்கொண்டு வரவில்லை. ஓவசியருக்கு வேறிடத்தில் மாற்றுச் சம்பந்தம் பொருத்தி முடித்த கையோடு, தைப்பொங்கலுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து பொங்கல் சாப்பிட்டார். தங்கச்சி ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். அவள் கலியாணம் முடித்தது மேலும் சில வருடங்கள் கழித்து, மூக்கை நன்றாகப் பார்த்த பிறகு.

மார்கழியில் கொடிகாமம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். பெட்டிகள் மேடையில் வரிசையாக இருந்தன. மெயில் வண்டி வந்து நின்றதும் அண்ணை வழக்கம்போலப் பாய்ந்து இரண்டு கையாலும் இரண்டு பெட்டியைப் பிடித்தார். ரீச்சர் ஒன்றை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இது என்ரை. நான் தூக்குவன்."

மற்றதை நான் வாங்கி உள்ளே ஏற்றினேன். மிச்சத்தைத் தங்கச்சி எடுத்தாள். சாப்பாட்டுப் பார்சலை அம்மா விடவில்லை. தானே ஜன்னலால் நீட்டினா.

அண்ணை மேடையில் ஒன்றுமில்லாமல் நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பின்னால் கட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. சட்டைப் பையைத் தடவினார். நாங்கள் நால்வரும் இருக்கிறோமா என்று எண்ணுவது போல ஒவ்வொருவராகப் பார்த்தார்.

வண்டி ஊதியது.

"ஏறுங்கோ அண்ணை" என்றாள் தங்கச்சி. "ஏறிப்போட்டு உள்ளுக்கை இருந்து கையைக் காட்டுங்கோ."

அண்ணை ஏறினார். ஜன்னலடியில் ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்து, வண்டி வளைவில் மறையும் வரைக்கும், இரண்டு கையையும் வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே போனார்.